இடுப்பில் ஏறிய ஐந்து ஆவுடையப்பன்கள்

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. பாளையங்கோட்டையில் இனி ஒரு மாதத்துக்கு யாரும் யாரையும் கட்டிக்கொள்ள மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைக்கும் என் அச்சகத்தில் இன்று நடந்த ஒரே வேலை, நான் நாற்காலியிலிருந்து எழுந்தது. அதுவும் இரண்டு தவணையாக. நாற்காலி தாழ்வு. மாற்ற வேண்டும்.

இந்த டைரியில் உண்மையை மட்டுமே எழுதுவதென்று ஜனவரி ஒன்றாம் தேதி பிள்ளையார் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே காலையில் ஷட்டில் கோர்ட்டில் நடந்ததையும் எழுதிவிட வேண்டியதுதான்.

எங்கள் காலனி கிளப்பில் பதினாறு வருடமாக நானும் ஞானதுரையும் இரட்டையர் ஜோடி. நான் வலக்கைக்காரன். வங்கியில் கேஷியராக இருக்கும் ஞானதுரை இடக்கைக்காரர். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தும் அடுத்த காலனியான அன்னை நகரோடு 'முப்பத்தைந்து கடந்தோர்' கோப்பைக்கு மோதுவோம். மோதுவது இரண்டே ஜோடிகள். அந்தப் போட்டியில் இதுவரை பதினொரு தடவை இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறோம்.

இப்போது மின்வாரியத்துக்கு மாற்றலாகி சேர்மராஜ் என்றொருவன் வந்திருக்கிறான். போன மாதம்தான் முப்பத்தைந்து முடிந்ததாம். அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை, சத்தம் மட்டும் வருகிறது. முதல் மனைவியின் தங்கையைத்தான் இரண்டாவதாகக் கட்டியிருக்கிறான் என்று கேள்வி. அது எனக்குத் தேவையில்லாதது.

வலைக் கம்பத்துக்குப் பின்னால் உருண்டுபோன பந்தை எடுக்கக் குனிந்தேன். குனிந்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த நேரத்தில்தான் ஞானதுரை செயலாளர் பூதலிங்கத்திடம் சொன்னது காதில் விழுந்தது.

"சேர்மராஜை இறக்கினா இந்தத் தடவை கோப்பை நமக்குத்தான் வே. ஆனா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளிய வந்தாத்தான் முடியும். நல்லா ஓடுத ஆளு உள்ள நிக்கட்டும்."

"பத்தாம் தேதிக்குள்ள பேர் குடுத்துரணும் பாத்துக்கிடும்," என்றார் பூதலிங்கம்.

வெளியே வரவேண்டிய அந்த ஒருத்தர் யார் என்று கேட்க எனக்கென்ன பைத்தியமா? பந்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

உலகம்மாள் என் வலது கால் நகங்களை வெட்டிவிட்டாள். மாதம் ஒரு தடவை வெட்டுவாள். இடது கால் நகங்களை நானே வெட்டிக்கொள்வேன். நல்ல குடும்பத்தில் கணவனும் மனைவியும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

"ஒரு டாக்டரைப் பாத்துட்டு வருவமா?" என்றாள்.

நகம் வெட்டுவதற்கெல்லாமா டாக்டர்?

ஜூலை 21, திங்கள்

ஆடியில் ஒரு ஆர்டர்! பைபாஸ் பக்கம் இருக்கும் பிசியோதெரபி கல்லூரியிலிருந்து பெனிட்டா என்ற விரிவுரையாளர் வந்திருந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது, நாகர்கோவில் பக்கம். ஒரு ஆராய்ச்சிக்கு ஆட்கள் வேண்டுமாம், நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம். கையெழுத்துப் பிரதியை வாங்கிப் படித்தேன்.

'விளையாட்டு அசைவுகளின்போது இடுப்பு மூட்டில் ஏறும் சுமை. ஆரோக்கியமான, சுறுசுறுப்பாக இயங்கும், 18 முதல் 50 வயது வரையிலானோர் தேவை. இடுப்பு, தொடை, முழங்கால் வலி இருக்கக்கூடாது. பங்கேற்போருக்குத் தனித்தனி அறிக்கை வழங்கப்படும்.'

"அறிக்கையில கல்லூரி முத்திரை இருக்குமாம்மா?"

"இருக்கும் சார். ஏன் கேக்கிறீங்க?"

எனக்கு நாற்பத்தெட்டு. 'ஆவுடையப்பன் ஆரோக்கியமானவர், சுறுசுறுப்பானவர்' என்று முத்திரையோடு ஒரு காகிதம் கிடைத்தால் அதைப் பூதலிங்கத்தின் மூக்குக்கு நேரே நீட்டலாம். ஞானதுரையின் மூக்குக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நீட்டலாம்.

"நானே வாரேன்," என்றேன்.

பெனிட்டா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வயிறு இருந்த இடத்தில் பார்வை சற்றுத் தங்கியது.

"வாரத்துக்கு எத்தனை தடவை விளையாடுவீங்க சார்?"

"ஆறு."

"இடுப்புல வலி?"

"எங்க வம்சத்துலயே கிடையாது."

அப்பாவுக்குக் கடைசி பத்து வருடம் கைத்தடி உண்டு. அது ஒரு கம்பீரத்துக்கு.

ஜூலை 24, வியாழன்

ஒரு சின்னப் பிழை நடந்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம்; நோட்டீஸைக் கல்யாணப் பத்திரிகை வார்ப்பிலேயே அடித்துவிட்டேன். மேலே பிள்ளையார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே, 'தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்.'

பெனிட்டா போனில் சொல்லித்தான் தெரியும். அதற்குள் ஐம்பது இடத்தில் ஒட்டியாகிவிட்டது. நேற்று சமாதானபுரத்திலிருந்து ஒரு வயதான தம்பதி, ஜரிகைத்தாள் சுற்றிய சுவர்க்கடிகாரத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்து, "பொண்ணு மாப்பிள்ளை எங்கம்மா?" என்று கேட்டார்களாம். காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார். கடிகாரத்தைத் திரும்ப எடுத்துப்போக மறுத்துவிட்டார்களாம். இப்போது அது ஆய்வுக்கூடச் சுவரில் தொங்குகிறதாம்.

புது நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன். குத்துவிளக்குத் தாள்கள் மிச்சத்தை, ஷட்டில் டப்பா சுற்ற உதவட்டும் என்று கிளப்பில் போட்டுவிட்டேன்.

ஜூலை 26, சனி

முதல் நாள் சோதனை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை. முக்கியமான காரியத்துக்குப் போகிறவன் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் போவானா? உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெயைச் சூடாகத் தேய்த்து, மூட்டுகளில் மட்டும் இரண்டு தடவை தேய்த்து, ஒரு மணி நேரம் ஊறி, சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுப் போனேன். சீயக்காய் கொஞ்சம் போதவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு குட்டை டிரவுசரைக் கொடுத்தார்கள். என் கைக்குட்டை அதைவிடப் பெரிது. தரையில் இரண்டு இரும்புப் பலகைகள், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கேமராக்கள். பெனிட்டா என் இடுப்பிலும் தொடையிலும் முழங்காலிலும் கோலிக்குண்டு அளவுக்கு வெள்ளி நிற உருண்டைகளைச் சதுர ஒட்டுத்தாள் வைத்து ஒட்டினார். உருண்டை எங்கே நகர்கிறது என்று கேமரா பார்க்குமாம். நாம் தரையை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பலகை சொல்லுமாம். இரண்டையும் வைத்து, உள்ளே மூட்டில் எவ்வளவு சுமை ஏறுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுமாம்.

"இதுல என்ன கணக்கு? நான் எண்பத்து நாலு கிலோ," என்றேன்.

"நிக்கும்போது அது சரி சார். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அந்த மூட்டுல உங்க எடையைப் போல ரெண்டரை, மூணு மடங்கு ஏறும். இடுப்பைச் சுத்தி இருக்கிற தசை எல்லாம் இழுத்துப் பிடிக்குதுல்ல? ஓடினா அஞ்சு மடங்கு வரை போகலாம். தடுக்கி விழப்போனா அதுக்கும் மேல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்தால் மூன்று ஆவுடையப்பன்கள். ஓடினால் ஐந்து. ஓர் எலுமிச்சம்பழம் அளவு எலும்புக் குமிழ் மேல், சந்தைக்குப் போகும் ஷேர் ஆட்டோ மாதிரி ஐந்து ஆவுடையப்பன்கள், அத்தனை பேரும் எண்பத்து நாலு கிலோ, அத்தனை பேருக்கும் ஜன்னலோரம் வேண்டும்!

"நடங்க சார்."

நடந்தேன். மூன்றாவது அடியில் முதல் உருண்டை விழுந்தது. எண்ணெய். பிறகு வரிசையாக விழ ஆரம்பித்தன. விழாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிய உருண்டைகள்தான் பெரிய தொல்லை. திரையில் என் எலும்புக்கூடு நடந்துகொண்டிருந்தது. அதன் இடுப்பெலும்பு மெல்ல மெல்லத் தொடை வழியாக இறங்கி முழங்காலில் போய் உட்கார்ந்தது. இடுப்பு இல்லாமலே அது மேற்கொண்டு நாலு அடி நடந்தது. என்னைவிட நன்றாகவே நடந்தது.

"சார்... எண்ணெய் தேச்சிருக்கீங்களா?"

"சனிக்கிழமைம்மா."

சனிக்கிழமை என்பது ஒரு காரணமாக எந்த ஆராய்ச்சியிலும் இதுவரை பதிவாகவில்லையாம். அடுத்த சனி, எண்ணெய் இல்லாமல் வரச் சொன்னார்.

ஜூலை 27, ஞாயிறு

மாடிப்படி பதினான்கு. படிக்கு மூன்று ஆவுடையப்பன்கள். ஆக நாற்பத்திரண்டு பேர். இன்று மாடிக்குப் போகவில்லை.

ஜூலை 30, புதன்

சோதனையில் குதிக்கச் சொல்வார்களாம். ஆகவே முற்றத்தில் பயிற்சி எடுத்தேன். எதிர்வீட்டு நல்லபெருமாள் சார் மதில் வழியாக எட்டிப் பார்த்து, "பாம்பா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடத்தில் தெருவே கம்போடு வந்துவிட்டது. வந்த பிறகு இல்லையென்று சொல்ல முடியுமா? நானும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு தேடினேன். கம்பு ஊன்றி நடப்பது சௌகரியமாகத்தான் இருக்கிறது. தேடல் முடிந்த பிறகும் அரை மணி நேரம் தேடினேன்.

உலகம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்தக் கம்பை வீட்டுக்குள்ள கொண்டு வரப் போறியளா?" என்றாள்.

"எதுக்கு? பாம்பு வெளியிலதானே?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

இருபத்திரண்டு வருடத்தில் எண்ணெய் தேய்க்காத முதல் சனிக்கிழமை. தலை என்னுடையது மாதிரியே இல்லை.

சோதனை பிரமாதம். நடந்தேன். ஓடினேன். ஓடிக்கொண்டே சட்டென்று பக்கவாட்டில் திரும்பச் சொன்னார், திரும்பினேன். உடம்பு திரும்பியது. இடுப்பு சற்றுப் பின்னால் வந்தது. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி ஏறினார்கள் போல.

"இப்ப வலது கால்ல மட்டும் நின்னு மூணு தடவை குதிங்க சார்."

இடது காலில் மூன்று தடவை குதித்தேன்.

"சார், வலது."

"நான் நீங்க நிக்கிற பக்கத்து வலதுன்னு நினைச்சேன்."

"உங்க வலது சார்."

குதித்தேன். கண்ணில் நீர் வந்தது. கேமரா வெளிச்சம் அதிகம்.

கடைசியாக, வலைக்கு முன்னால் விழும் பந்தை எடுப்பதைப்போல ஒரு காலை எட்டி முன்னே வைத்து மடங்கச் சொன்னார். வைத்தேன், மடங்கினேன். எழுந்திருக்கும் கட்டத்தில் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். நல்ல கடிகாரம். 'மணமக்களுக்கு அன்புடன்' என்று எழுதியிருந்தது. ஆற அமர இரண்டு நிமிடம் அந்த நிலையிலேயே பார்த்தேன். பிறகு பெனிட்டா கைகொடுத்தார். மரியாதை தெரிந்த பெண்.

உருண்டைகளைப் பிய்த்து எடுத்தபோது முடியும் சேர்ந்து வந்தது. காலெல்லாம் சதுரம் சதுரமாக வழுக்கை.

பெனிட்டா திரையை நெடுநேரம் பார்த்தார்.

"வித்தியாசமா இருக்கு சார். உங்க வலது மூட்டுல மத்தவங்களுக்கு ஏறுறதைவிட ரொம்பக் குறைவாத்தான் சுமை ஏறுது. பூரா இடது பக்கம் போகுது. நான் இந்த மாதிரி பார்த்ததே இல்ல. இல்ல... போன வாரம் ஒண்ணே ஒண்ணு பார்த்தேன்."

அதாவது, எவ்வளவு ஓடினாலும் குதித்தாலும் என் வலது இடுப்பில் தேய்மானமே இல்லை! ஷோரூமிலிருந்து இறக்கிய வண்டி மாதிரி!

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கிளப்பில் விஷயத்தை அவிழ்த்துவிட்டேன். "வலது இடுப்புல சுமையே ஏறலைன்னு கல்லூரியிலேயே சொல்லிட்டாவ. ஆராய்ச்சிக்கே புதுசாம்."

சேர்மராஜ், "சூப்பர் அண்ணே," என்றான். அவனைப் பற்றி நான் நினைத்திருந்ததில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தத் தங்கை விஷயத்தைத் தவிர.

ஞானதுரையைப் பார்த்தேன். முகம் சுருங்கிவிட்டது. பொறாமை. பதினாறு வருடப் பழக்கம் இவ்வளவுதான்.

ஒன்று கவனித்தேன். அவருடைய முழங்காலுக்கு மேலே சதுரமாக ஓர் இடத்தில் முடியே இல்லை.

"என்னவே அது?"

"கொசு," என்றார்.

சதுரமாகக் கடிக்கும் கொசு. பாளையங்கோட்டையில் எதுதான் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பெனிட்டா போன். "சனிக்கிழமை ஒரு தடவை வர முடியுமா சார்? உங்களை மாதிரியே இன்னொருத்தர் இருக்கார். உங்களைக் கண்ணாடியில பார்த்த மாதிரி, அவருக்கு இடது பக்கம். ரெண்டு பேரையும் சேர்த்து வச்சு ஒண்ணு சரிபார்க்கணும்."

அறிக்கை எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றார். பாராட்டுக் கூட்டமாக இருக்கலாம். வெள்ளை வேட்டியைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

வெள்ளை வேட்டியை வாசலிலேயே வாங்கிக்கொண்டு அந்தக் குட்டை டிரவுசரைக் கொடுத்தார்கள். உருண்டைகள் ஒட்டினார்கள். பொருட்காட்சி வாசலில் மின்னும் பல்பு மாதிரி உடம்பெல்லாம் பளபளக்கத் திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனேன்.

எதிர்த்திரையை விலக்கிக்கொண்டு இன்னொரு குட்டை டிரவுசர் வந்தது. உடம்பெல்லாம் உருண்டை. ஞானதுரை!

இருவரும் அசையவில்லை. கேமராக்கள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னவே இது கோலம்?" என்றேன்.

"உம்ம கோலத்த மொதல்ல பாரும்."

"நீரு எப்பிடிவே இங்க?"

"நீரு குத்துவிளக்கு போட்டு அழைச்சிருந்தீரே, டப்பா சுத்துன தாள்ல. சுற்றமும் நட்பும்னு வேற. சுற்றம் வரல, நட்பு வந்துட்டு."

"ஆரோக்கியமான ஆளுன்னுல்லா அதுல போட்டிருக்கு!"

"சுறுசுறுப்பான ஆளுன்னும் போட்டிருக்கு. நீரு வரலையா?"

பெனிட்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா?"

"தெரியாது," என்றோம் ஒரே குரலில்.

அவர் கம்ப்யூட்டர் திரையைப் போட்டார். அதில் இரண்டு எலும்புக்கூடுகளைப் பின்பக்கமிருந்து பார்க்கிற மாதிரி நடக்கவிட்டார். இடப்பக்கம் நடந்தது நான். வலப்பக்கம் ஞானதுரை. என்னுடையது ஒவ்வோர் அடிக்கும் வலப்பக்கம் சாய்ந்தது. அவருடையது ஒவ்வோர் அடிக்கும் இடப்பக்கம் சாய்ந்தது. காதில் ரகசியம் சொல்லப்போகும் இரண்டு பேர் மாதிரி, ஒன்றன் பக்கம் ஒன்று சாய்ந்துகொண்டே அந்த இரண்டு எலும்புக்கூடுகளும் கூடத்தைக் கடந்தன. விட்டால் கைகோத்துக்கொண்டிருக்கும்.

"நல்லா இருக்கிற மூட்டு சுமையை வாங்கும் சார்," என்றார் பெனிட்டா. "வாங்கணும். அதுக்குத்தான் அது இருக்கு. சின்ன வயசுக்காரங்க ஓடும்போது அஞ்சு மடங்கு ஏறினாலும் தாங்குது. உங்க ரெண்டு பேருக்கும் ஏறலைன்னா, ஏற நீங்க விடலைன்னு அர்த்தம். நீங்க வலது கைக்காரர், பந்தை எடுக்க வலது காலை எட்டி வைக்கிறீங்க. அவர் இடது கைக்காரர், இடது காலை எட்டி வைக்கிறார். இந்தப் பிரச்சினைக்கு ஷட்டில்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எந்தக் காலை எட்டி வைக்கிறீங்களோ, அதைத்தான் ரெண்டு பேரும் ஒளிச்சு வைக்கிறீங்க. உண்மையைச் சொல்லுங்க. வலி எத்தனை நாளா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஞானதுரையும் அதைத்தான் பார்த்தார். மணமக்களுக்கு அன்புடன்.

"ரெண்டு வருசமா," என்றார் ஞானதுரை. பதினாறு வருடத்தில் அந்தக் குரலில் அவர் பேசிக் கேட்டதில்லை. "மாடியில இருக்க லாக்கருக்கு ஏறதுக்குள்ள உசிரு போவுது. இவர்கிட்ட எப்பிடிச் சொல்லட்டும்னு தெரியல."

"உங்களுக்கு சார்?"

நான் தலையாட்டினேன். மின்விசிறி வேகமாகச் சுற்றியது. அந்தக் காற்றுக்கு ஆடியிருக்கலாம்.

பெனிட்டா எங்கள் இருவர் பெயரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். எலும்பு மூட்டு டாக்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முத்திரை குத்திக் கிடைத்தது அது ஒன்றுதான்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை.

"உமக்கே இப்பிடி இருக்கும்போது என்னைக் கழட்டிவிடப் பாத்தீரே! சேர்மராஜை இறக்கணும்னு நீரு பூதலிங்கத்துகிட்ட சொன்னதை என் காதாலயே கேட்டேன்."

"கேட்டீரா? யாரை வெளிய போகச் சொன்னேன்னு கேட்டீரா?"

"நல்லா ஓடுத ஆளு உள்ள நிக்கட்டும்னீரு."

"ஆமா வே. நீருதான் நல்லா ஓடுதீருன்னு நெனச்சிருந்தேன். உம்மையும் சேர்மராஜையும் போடச் சொன்னேன். பதினோரு தடவை என்னால தோத்தீரு. ஒரு தடவையாவது கோப்பையைத் தூக்கட்டும்னுதான்... நான் ஆடுவனா மாட்டனான்னு எனக்கே தெரிஞ்சிக்கிடத்தான் இங்க வந்தேன்."

மேலே ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"பதினோரு தடவையும் உம்மால இல்ல," என்றேன். "ஏழு தடவை என்னால."

"எட்டு," என்றார் ஞானதுரை.

எழுந்திருக்கும்போது நான் இடது காலை ஊன்றினேன், அவர் வலது காலை ஊன்றினார். நடுவில் தோளோடு தோள் முட்டுக்கொடுத்து ஒரே தவணையில் எழுந்துவிட்டோம். பெஞ்ச் உயரம் சரியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெயர் கொடுக்கக் கடைசி நாள். நான் பூதலிங்கத்திடம் ஒரு கடிதம் கொடுத்தேன்: 'நான் விலகுகிறேன். ஞானதுரையையும் சேர்மராஜையும் போடவும்.' அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்தார்: 'நான் விலகுகிறேன். ஆவுடையப்பனையும் சேர்மராஜையும் போடவும்.' நேற்று இரவே ஞானதுரை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் அச்சகத்தில் அடித்த லெட்டர்பேடில்.

"என்னவே வெளையாடுதியளா?" என்று கத்தினார் பூதலிங்கம். "ரெண்டு பேரும் வெளிய போய்ட்டா சேர்மராஜ் ஒத்தையில ரெண்டு பக்கமும் ஓடுவானா?"

"நீங்க ஆடுங்க செயலாளரே," என்றேன்.

பூதலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. எட்டு வருடமாக யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர். மூன்று நொடி மறுத்தார். பிறகு, புது ஷூவைக் கொண்டுவரச் சொல்லி வீட்டுக்கு ஆளனுப்பினார்.

அந்தச் சந்தோஷத்தில் எங்களுக்கும் ஒன்று தந்தார். கொடியேற்றியதும், கோப்பை ஆட்டத்துக்கு முன்னால், பத்து நிமிடக் காட்சி ஆட்டம். நானும் ஞானதுரையும் ஒரு பக்கம். அன்னை நகர்த் தலைவரும் அவர் மனைவியும் மறுபக்கம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டாக்டர் இரண்டு எக்ஸ்ரேக்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். என் வலமும் அவர் இடமும் கரடுமுரடாக, ஒரே தறியில் நெய்த துணி மாதிரி இருந்தன.

"ஆடலாமா டாக்டர்?" என்றார் ஞானதுரை.

"ஆடுங்க. எட்டிப் பாயாதீங்க. தொடையையும் இடுப்பையும் வலுவாக்கப் பயிற்சி எழுதித் தரேன், தினமும் செய்யணும். எடையைக் குறைங்க. ஒரு கிலோ குறைச்சா நடக்கும்போது அந்த மூட்டுக்கு மூணு கிலோ மிச்சம்."

மூன்று ஆவுடையப்பன்களையும் பட்டினி போட வேண்டும் என்கிறார். மூன்று பேரும் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

இத்தனைக்கும் எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஞானதுரைக்குத் துணைக்குத்தான் போனேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றியாயிற்று. மிட்டாய் கொடுத்தாயிற்று. இரண்டு காலனியும் கோர்ட்டைச் சுற்றி நின்றது. மைக்கில் எங்கள் பெயரைச் சொன்னார்கள்.

ஷூ போட்டிருந்தேன், ஆனால் வலது நாடா அவிழ்ந்து கிடந்தது. வழக்கமாக வீட்டிலேயே உலகம்மாள் கட்டிவிடுவாள், அது அவளுக்குப் பிடித்த வேலை. இன்று மிட்டாய் வாங்கும் கூட்டத்தில் யாரோ மிதித்து அவிழ்த்துவிட்டார்கள். குனிந்தேன். பாதி வழியில் நின்றேன். இருநூறு பேர் பார்க்கிறார்கள். தேசியக்கொடிக்கு வணக்கம் சொல்வதுபோல அப்படியே நின்றேன்.

ஞானதுரை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டார்.

"உக்காரும் வே."

உட்கார்ந்தேன். எதிரே அவரும் உட்கார்ந்தார். என் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி என் மடியில் போட்டார். அந்த நாடாவும் அவிழ்ந்துதான் கிடந்தது. வீட்டிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறார். பெண்சாதி ஊரில் இல்லையாம்.

அவர் என் நாடாவைக் கட்டினார். நான் அவர் நாடாவைக் கட்டினேன். இடக்கைக்காரர் முடிச்சு ஒரு மாதிரி தலைகீழாக இருக்கிறது. கூட்டத்தில் பேச்சே இல்லை. அன்னை நகர்த் தலைவர் மனைவி, "ஏதோ வேண்டுதல் போலிருக்கு," என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னது கேட்டது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஆட்டத்தில் எங்களுக்கு ஒரே விதி: முன்னால் விழுவதெல்லாம் எதிரணிக்குச் சொந்தம். பாயாமல், எட்டாமல், கைக்கு வருவதை மட்டும் அடித்தோம். இருபத்தொன்றுக்கு எட்டு. எட்டு எங்களுடையது. அந்த எட்டாவது பாயிண்டில் இருவரும் ஒரே பந்துக்குப் போய், நான் வலமும் அவர் இடமுமாக உள்ளே சாய்ந்து, தோள் மோதி, யார் அடித்தது என்று தெரியாமல் பந்து அந்தப் பக்கம் போய் விழுந்தது. இன்னும் சண்டை தீரவில்லை. நான்தான் அடித்தேன்.

பிறகு சேர்மராஜும் பூதலிங்கமும் கோப்பைக்கு ஆடினார்கள். பன்னிரண்டாவது தடவையாக எங்கள் காலனிக்கு இரண்டாம் பரிசு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. காலையிலேயே மூன்று கல்யாணத்துக்கு ஆர்டர். அதில் ஒரு மாப்பிள்ளை சேர்மராஜுக்குத் தூரத்துச் சொந்தம். விசாரித்தேன். தங்கை விஷயம் பொய். மனைவி ஒருத்திதான், அவளுக்குத் தங்கையே கிடையாது. யார்தான் இப்படியெல்லாம் கிளப்பிவிடுகிறார்களோ.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். இரண்டு தவணைதான். நாற்காலியில் ஒரு குறையும் இல்லை.

மத்தியானம் உலகம்மாள் நகவெட்டியோடு வந்து கீழே உட்கார்ந்தாள். வலது காலை மடியில் வைத்து வெட்ட ஆரம்பித்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது," என்றேன்.

நகவெட்டி நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். மிச்சமிருந்த இரண்டு விரலையும் வெட்டி முடித்தாள். பிறகு இடது காலையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.